நாலாவது துளை

எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருக்கும் குன்னெல், ஸ்வீடனின் நோர்ஷோப்பிங் நகரத்து மஞ்சள் டிராமை ஓட்டியே பாதி ஆயுளைக் கழித்தவர். இன்னமும் லிஃப்ட் கதவை மூடுமுன் இரண்டு பக்கமும் பார்ப்பார், யாராவது ஓடி வருகிறார்களா என்று.

போன இலையுதிர் காலத்தில் தம்பி சிக்ஸ்டனைத் தன்னோடு கூட்டி வந்துவிட்டார். கப்பலில் சமையல்காரராக இருந்த சிக்ஸ்டனுக்குப் பக்கவாதம் வந்த பிறகு மிஞ்சியது இரண்டே வார்த்தைகள்: "ஆமா", "அடச்சே". மீதிப் பேச்செல்லாம் கம்ப்யூட்டரில்தான். நார்வேயில், நார்விக் ஊரில் இருக்கும் பழைய கப்பல் கூட்டாளியோடு சதுரங்கம் ஆடுவார். தோற்றால் மேசையைக் குத்துவார். அதுவும் பேச்சுதான்.

சிக்கல் என்னவென்றால், வீட்டுக்கு ஒரே ஒரு நெட் துளை, சுவரில். அதில் குன்னெலின் டிவி கேபிள். அவருக்குக் குதிரைப் பந்தயம் உயிர். தம்பிக்காக அதைப் பிடுங்கிக் கொடுத்துவிட்டு, "எனக்கென்ன, குதிரை எப்படியும் ஓடத்தான் போகுது" என்று பட்டாணி சூப்பைக் கிளறுவார். சிக்ஸ்டனும் லேசுப்பட்டவரில்லை. அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு, "அடச்சே" என்று ஆட்டத்தை மூடிவிடுவார். இப்படியே போனால் நார்விக் நண்பனும் கைவிட்டுப் போய்விடுவான்.

அதனால் குன்னெல் குப்பை அறையிலிருந்து ஒரு பழைய ரவுட்டரைப் பொறுக்கி வந்தார். பின்னால் நாலு மஞ்சள் துளை, தள்ளி ஒரு நீலத் துளை. நீலம்தான் சுவர்க் கேபிளுக்கு என்று தெரியாமல், தனியாக இருக்கிறதே என்று அதைத் தொந்தரவு செய்யவில்லை. சுவர்க் கேபிள், டிவி, கம்ப்யூட்டர் மூன்றையும் மஞ்சளில் சொருகினார்.

கட்டடம் முழுக்க நெட் செத்தது.

மறுநாள் துணி துவைக்கும் அறையில் சிவப்பு மையில் ஒரு சீட்டு. குடியிருப்போர் சங்கத் தலைவி பார்ப்ரோவின் கையெழுத்து: "சொந்தக் கருவி மாட்டிக் கெடுத்தவருக்கு ஒரு மாதம் இணைப்பு கிடையாது. யாரென்று தெரியும், மெல்கர்."

மெல்கர் நான்தான். எங்கள் வைஃபைக்கு நான் 'பார்ப்ரோ குறட்டை' என்று பெயர் வைத்ததை அவர் மறக்கவில்லை.

என் கம்ப்யூட்டருக்கு இந்தத் தப்பான நெட் முகவரியைக் கொடுத்தது யார் என்று தேடினேன். ஏதோ ஒரு ரவுட்டரின் லாகின் பக்கம் வந்தது, அதில் என் பழைய பாஸ்வேர்டே வேலை செய்தது. நான் குப்பையில் போட்ட ரவுட்டர்! குப்பையைக் கிளறுகிற ஆள் கட்டடத்தில் ஒருவர்தான்.

"நான் என்னடா பண்ணேன்?" என்றார் குன்னெல், கரண்டியோடு.

"ஒரே டிராம்ல ரெண்டு கண்டக்டர், குன்னெல். கட்டடத்து மெயின் ரவுட்டர்னு ஒருத்தன் எல்லாருக்கும் சீட்டு நம்பர் குடுக்கறான். உங்க டப்பாவும் தன் இஷ்டத்துக்கு நம்பர் குடுக்குது. அதை நம்பி எல்லாரும் உக்காந்துட்டாங்க, வண்டி நகரல."

"அந்தத் தடியனை எறக்கி விடு."

"எறக்கியாச்சு. நம்பர் குடுக்கறத நிறுத்திட்டேன். இனி வாயத் திறக்காம, வர்றத இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பிரிச்சு விடும். அவ்ளோதான்."

டிவியில் குதிரைகள் ஓடின. அதே நேரம் சிக்ஸ்டனின் திரையில் நார்விக் ஒரு காயை நகர்த்தியது. குன்னெல் சூப்பை மறந்துவிட்டு இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

அப்போது வாசல் மணி அடித்தது. பார்ப்ரோ. நேராக ரவுட்டரிடம் போனார். அதன் முதுகில் நான் எப்போதோ ஒட்டிய மீன் ஸ்டிக்கர்.

"யாரோடது இது?"

குன்னெல் வாயைத் திறந்தார். சிக்ஸ்டனின் கை மவுஸின் மேல் அப்படியே நின்றது. அவர்களுக்கு ஒரு மாதம் நெட் இருக்காது.

"என்னுதுதான். சும்மா ஒரு வேடிக்கைக்கு இங்க மாட்டினேன்," என்றேன்.

"நெனச்சேன்! சிக்ஸ்டன், இவன்தானே?"

சிக்ஸ்டன் என்னை ரொம்ப நேரம் பார்த்தார். "அடச்சே."

"கேட்டியா, அவருக்கே பொறுக்கல!" என்று பார்ப்ரோ திருப்தியாகக் கிளம்பினார்.

குன்னெல் சூப்பை ஊற்றி எனக்கும் ஒரு தட்டு போட்டார். சூப்புக்குப் பிறகு பான்கேக் இரண்டு மடங்கு வைத்தார், ஜாமும் அப்படியே.

அடுத்த நாள் எங்கள் வீட்டு நெட் போனது. அம்மா கத்தியதை எழுதினால் தாள் போதாது. சாயங்காலம் மூன்றாம் மாடிக்குப் போனேன். ரவுட்டரின் நாலாவது மஞ்சள் துளையில் புதிதாக ஒரு நீளமான கேபிள். மறுமுனை சமையலறை மேசையில், காலி நாற்காலிக்கு எதிரே.

"உக்காரு," என்றார் குன்னெல், குதிரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"ஆமா," என்றார் சிக்ஸ்டன்.