வெட்டச் சொன்ன சீட்டுக்கட்டை நான் கலைத்தேன்

சீட்டு வித்தையைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல உனக்கு என்ன தகுதி என்று யாரும் என்னைக் கேட்க முடியாது. நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தை நாலாம் வகுப்போடு விட்டவன். ஆனால் கோல சிலாங்கூரிலிருந்து தஞ்சோங் காராங் வரைக்கும் எந்தச் சாவு வீட்டில் வேண்டுமானாலும் என்னைப் பற்றி விசாரித்துப் பாருங்கள். பிணம் எடுக்கும் வரை தூங்காமல் இருக்க எங்கள் ஆட்கள் சீட்டாடுவது வழக்கம். அந்த வட்டத்தில் நான் வந்து உட்கார்ந்தால் இரண்டு பேர் வேலை இருக்கிறது என்று எழுந்துவிடுவார்கள். நாற்பது வருஷமாக ஒரு ஆளும் என்னைச் சீட்டில் ஏய்த்ததில்லை. ஒற்றை லோரியில் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றத் தொடங்கியவன் இன்று ஆறு லோரிக்கு முதலாளியாக நிற்கிறேன் என்றால், அதுவும் ஏய்ப்பைக் கண்டுபிடிக்கும் இந்தக் கண்ணால்தான்.

இதே கண்தான் என் ஒரே மகளின் கல்யாணத்தைக் கெடுக்கப் பார்த்தது. மாதங்கள் ஆகியும் கோபம் அடங்கவில்லை. யார் மேல் எவ்வளவு கோபம் என்று எனக்கே சரியாகப் பிரிக்கத் தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மாப்பிள்ளையை மகளே பார்த்துக்கொண்டாள். ராசா என்ற ஊர்ப் பையன், ரயில் சிக்னல் பழுது பார்க்கும் வேலை. தகப்பன் இல்லை. தாயார் கெர்லிங் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டி அவனை வளர்த்தவர். மகளுக்கு வயது முப்பத்து மூன்று. இதற்கு முன் நான் கொண்டுவந்த ஐந்து இடத்தையும் வேண்டாம் என்றவள், இந்த ஒருவனைத்தான் வேண்டும் என்றாள். தட்டு மாற்றி நிச்சயம் பண்ண ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர்கள் வந்தார்கள். தாயார், தாய்மாமன், இன்னும் இரண்டு பெண்கள், பையன். எங்கள் பக்கம் நானும் என் மனைவியும், அவளுடைய அண்ணனான என் மச்சானும், நாலைந்து அண்டை வீட்டுக்காரர்களும். மச்சான் தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். தமிழும் இங்கிலீஷும் நன்றாக வரும். அதை யாரும் மறந்துவிடக் கூடாது என்பதில் கவனமாக இருப்பார்.

பேச்சு சரியாக ஓடவில்லை. மச்சான் அவர்களிடம் எந்தத் தோட்டம், எந்த லயம், யார் வகை என்று பழைய காலத்து மண்டோர் தோட்ட வேலைக்கு ஆள் எடுப்பது மாதிரி கேட்டுக்கொண்டிருந்தார். தாய்மாமன் ஒற்றை ஒற்றை வார்த்தையாகப் பதில் சொன்னார். பிறகு அதுவும் நின்றது. அப்போதுதான் பையன் சட்டைப் பையிலிருந்து புத்தம் புதுச் சீட்டுக்கட்டு ஒன்றை எடுத்தான்.

“அங்கிள், ஒரு சின்ன மேஜிக் காட்டவா?”

எங்கள் வீட்டுக்குள் அதுவரை சீட்டுக்கட்டு வந்ததில்லை. நான் ஆடுவதெல்லாம் சாவு வீட்டோடு சரி. வீட்டு வாசலில் குளித்துவிட்டுத்தான் உள்ளே வருவேன். நல்ல காரியம் நடக்கிற இடத்தில் சீட்டுக்கட்டை எடுப்பது, பந்தலில் பாடையைச் சாத்தி வைப்பது மாதிரி. மச்சான் என்னைப் பார்த்தார். என் மனைவி குங்குமச் சிமிழை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். எனக்கு முகம் சூடேறியது. ஆனால் உண்மையையும் சொல்ல வேண்டும். கட்டைப் பார்த்ததும் எனக்குக் கை அரித்தது. “காட்டு, பாப்போம்” என்றேன்.

முதலில் வித்தையின் தரத்தைச் சொல்கிறேன். புதிதாகக் கற்றுக்கொள்கிறவனுக்கு இதைவிட நல்ல வித்தை கிடையாது. விரல் வேகம் வேண்டாம், அட்டையை ஒளிக்க வேண்டாம். கட்டின் அடியில் இருக்கிற சீட்டு எது என்று மட்டும் யாருக்கும் தெரியாமல் பார்த்து மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். எதிராளி ஒரு சீட்டை உருவிப் பார்த்துவிட்டுக் கட்டின் தலையில் வைப்பார். கட்டை ஒரு முறை வெட்டி, கீழ்ப்பாதியை மேலே வைத்தால், அடியில் இருந்த சீட்டு எதிராளியின் சீட்டுக்கு மேலேயே வந்து குந்திக்கொள்ளும். பிறகு ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட வேண்டும். நாம் பார்த்து வைத்தது எப்போது வருகிறதோ, அடுத்தது எதிராளியுடையது. அவ்வளவுதான். பத்து நிமிஷத்தில் படித்துவிடலாம். வித்தைக்கு நான் முழு மார்க் கொடுப்பேன்.

அவன் காட்டிய விதத்துக்கு ஒரு மார்க்கும் கொடுக்க மாட்டேன். அடிச்சீட்டைப் பார்ப்பதற்கு, லோரி டயருக்கடியில் கல் மாட்டியிருக்கிறதா என்று குனிந்து பார்க்கிற மாதிரி பார்த்தான். கிளாவர் ராஜா. உட்கார்ந்த இடத்திலிருந்து எனக்கே தெரிந்தது. வாயில் வந்ததெல்லாம் மனப்பாடம். “இந்த அம்பத்திரெண்டு சீட்டுல உங்க மனசு ஒண்ண மட்டும் தேடுது” என்று நெற்றி வேர்க்கச் சொன்னான். என் முகத்தைப் பார்க்கவே இல்லை, தன் கையையே பார்த்தான். எதிராளியின் கண்ணைத் தன் கையிலிருந்து எடுக்கத் தெரியாதவன் வித்தைக்கு வரக் கூடாது.

நான் உருவியது டைமண்ட் ஏழு. தலையில் வைத்தேன். அவன் கட்டை நீட்டினான்.

“வெட்டுங்க அங்கிள். ஒரே தடவ.”

எங்கள் வட்டத்தில் ஒரு முறை உண்டு. கட்டு கைக்கு வந்தால் மூன்று தரம் கலைக்காமல் திருப்பிக் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் நீயும் கூட்டுக் கள்ளன் என்று அர்த்தம். என் கை அதைத்தான் செய்தது. பாதியாகப் பிரித்து, மடக்கி, படபடவென்று மூன்று தரம் கலைத்து, தட்டிச் சீராக்கிக் கொடுத்தேன். பழக்கம் என்றுதான் இத்தனை நாள் சொல்லி வந்தேன். அது மட்டும் இல்லை. கலைத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

பையன் கட்டை வாங்கிக்கொண்டான். பிறகு ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டான். கிளாவர் ராஜா வந்தது. அடுத்தது ஆர்ட்டின் ஒன்பது.

“இதுதானே அங்கிள்?”

“இல்ல.”

அங்கே நிறுத்தியிருக்கலாம். நான் சிரித்தேன். மேசையில் கிடந்த கிளாவர் ராஜாவை எடுத்து, எல்லாரும் பார்க்கத் தூக்கிக் காட்டி, “இதப் பாத்து வெச்சுக்கிட்டான். இதான் வேல. ஏமாத்துறான், நம்மகிட்டயே! நான் யாருன்னு தெரியாம வந்துட்டாரு தம்பி. கள்ளச் சீட்டு எத்தன பாத்திருப்பேன்!” என்றேன். அண்டை வீட்டார் சிரித்தார்கள். பையனின் தாயார் சிரிக்கவில்லை. தாய்மாமன் எழுந்துவிட்டார்.

“எங்க புள்ளய கள்ளன்னு சொல்லத்தான் கூப்டீங்களா?”

“வெளையாட்டுக்குச் சொன்னேன் லா.”

“நிச்சயத்துலயா வெளையாட்டு?”

மச்சான் அந்த நேரம் பார்த்து, “எடுத்ததே சாவு வீட்டுப் பொருள். சகுனம் அப்பவே கெட்டுப் போச்சு” என்றார். அவர்கள் கொண்டுவந்த தட்டுகளை அவர்களே தூக்கிக்கொண்டு போனார்கள். மேசையில் சீட்டு மட்டும் பரவிக் கிடந்தது.

நான் எல்லாக் கோபத்தையும் மகள் மேல் இறக்கப் போனேன். நல்ல நாளில் சீட்டுக்கட்டோடு வருகிறவனையா பார்த்தாய் என்று கேட்கத்தான் அடுப்படிக்குப் போனேன். அவள் முந்திக்கொண்டாள்.

“நாந்தான்பா கொண்டு வரச் சொன்னேன்.”

“நீயா?”

“உங்ககிட்ட என்ன பேசறதுன்னு பயந்தாரு. எங்கப்பாவுக்கு சீட்டுன்னா உசுருன்னு சொன்னேன். ரெண்டு வாரமா வீடியோ கால்ல எங்கிட்டயே செஞ்சு செஞ்சு காட்டினாரு. உங்கள சிரிக்க வைக்கணும்னு.”

“சீட்ட எங்க எடுக்கறதுன்னு ஒனக்குத் தெரியாதா?”

“நீங்க எங்க ஆடுவீங்கன்னு நான் பாத்திருக்கேனா? பொம்பளைங்க உள்ளதான உக்காந்திருப்போம். வந்து பெரும பேசறத மட்டும் சின்னதுலேர்ந்து கேட்டிருக்கேன்.” கையைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: “வெட்டுன்னா வெட்டணும். ஏம்பா கலைச்சீங்க?”

வந்த வழியே கூடத்துக்குத் திரும்பினேன். பிடிபட்டால் எனக்குக் கோபம் இரண்டு மடங்காகும்.

மறுநாள் அந்தக் கோபத்துக்கு ஆள் கிடைத்தது. மச்சான் தாமாகவே தாய்மாமனுக்குப் போன் போட்டு, சகுனம் சரியில்லை, இதோடு விட்டுவிடலாம் என்று சொல்லிவிட்டாராம். நேரே அவர் வீட்டுக்குப் போனேன். சாய்வு நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

“யாரக் கேட்டு போன் போட்டீங்க மச்சான்?”

“நல்லதுக்குத்தான் மாப்ள.”

“எம்மவ நல்லதுக்கு நீங்க யாரு? அட்டையில சாவு எங்க ஒட்டியிருக்கு, எடுத்துக் காட்டுங்க பாப்போம்.”

“படிக்காதவங்க பேசற பேச்சு இது.”

“படிச்சவரு சகுனம் பாக்கறீங்க, படிக்காதவன் பாக்கல. யாரு முட்டாள்?”

அவர் பேப்பரை மடித்தார். “சகுனம்னு நான் சொன்னேன், சரி. கள்ளன்னு சொன்னது யாரு? அந்த மனுசன் எந்திரிச்சது என் சகுனத்துக்கா, உங்க வாய்க்கா?”

எனக்கு மிகவும் பிடிக்காத ஆள் உண்மையைச் சொல்லும்போது கன்னத்தில் அறைய வேண்டும் போல இருக்கிறது. அறையவில்லை. கதவைச் சாத்தின சாத்தலில் அவர் வீட்டு நாய் எழுந்து ஓடியது.

அடுத்த ஞாயிறு ராசாவுக்குப் போனேன். மகளைக் கூப்பிட்டேன். “கெடுத்தது நீங்க, நீங்களே போங்க” என்றாள். மனைவியும் வரவில்லை. பையனின் அம்மா கதவைத் திறந்து, வாங்க என்று சொல்லாமல் வழி மட்டும் விட்டார். டீ கொண்டுவந்து வைத்தார்.

“சீனி அடியில கெடக்கு. நல்லா கலக்கிக் குடிங்க. அதான் உங்களுக்குக் கை வந்ததாச்சே.”

இந்த வயதில், ஆறு லோரிக்காரனை இப்படிக் கேட்க ஒரு ஆள் இருக்கிறார் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். விழுங்கிக்கொண்டு சொன்னேன்: “வித்தைன்னாலே ஏமாத்துறதுதான்மா. நான் அதத்தான் சொன்னேன்.”

“அப்ப ஏமாந்த மாதிரி சிரிச்சிட்டுப் போயிருக்கணும். எம்புள்ள அடுத்தவன் பென்சிலக்கூட எடுத்ததில்ல. அத்தன பேரு முன்னால கள்ளன்னீங்க.”

பையன் உள்ளே இருந்து வந்து நின்றான். என்னைப் பார்த்துக் கோபப்படுவான் என்று நினைத்தேன். அவன் கேட்டது வேறு.

“அங்கிள், நீங்க எடுத்தது எந்தச் சீட்டு? அதயாச்சும் சொல்லுங்களேன்.”

“டைமண்ட் ஏழு.”

தலையை ஆட்டிக்கொண்டான். “நீங்க கலைக்கும்போதே போச்சுன்னு தெரியும்.”

“தெரிஞ்சா நிறுத்த வேண்டியதுதான? எதுக்கு ஒவ்வொண்ணா திருப்பிக்கிட்டு நின்ன?”

“வேற வித்த எனக்குத் தெரியாது அங்கிள். எல்லாரும் பாத்துக்கிட்டு இருந்தீங்க.”

எனக்கு மறுபடி எரிந்தது. இந்த முறை அவன் மேல் இல்லை. தோற்றுப்போனது தெரிந்தும் கடைசி வரை ஆடிக் காட்டியவனை நான் எங்கள் வட்டத்தில் பார்த்ததில்லை. நானே பாதியில் சீட்டை வீசிவிட்டு எழுந்திருக்கிறேன்.

“என்னம்மா செய்யணும்? சொல்லுங்க” என்றேன்.

“அன்னைக்கு இருந்த அத்தன பேரும் இருக்கணும். உங்க மச்சானும் இருக்கணும். அங்க சொன்னத அங்கயே எடுக்கணும்.”

ஆலை மேனேஜரிடம், ஆபீசரிடம், போலீஸிடம்கூட நான் மன்னிப்புக் கேட்டதில்லை. வரும் வழி முழுக்க முன்னால் போன எல்லா வண்டிக்கும் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தேன்.

பதினைந்து நாள் கழித்து எல்லாரும் மறுபடி எங்கள் கூடத்தில் உட்கார்ந்தார்கள். மச்சானை நான் கூப்பிடவில்லை, அவர் தங்கை போய் அழைத்து வந்தாள். நான் எழுந்து நின்று அந்த அம்மாவைப் பார்த்து ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“எங்களப் பாத்து எதுக்கு? எம்புள்ளய எனக்குத் தெரியும். சிரிச்சாங்க பாருங்க, அவுங்களப் பாத்துச் சொல்லுங்க.”

திரும்பினேன். அண்டை வீட்டார் தரையைப் பார்த்தார்கள்.

“இந்தத் தம்பி செஞ்சது வித்தை. அத ஒழுங்காத்தான் செஞ்சாரு. வெட்டச் சொன்ன கட்ட நான் வேணும்னே கலைச்சேன். ஆட்டத்த கெடுத்தது நான். கள்ள வேல பாத்தவன் நான்தான், அவரு இல்ல.” குரல் தானாக உயர்ந்தது. “கேட்டுச்சா மச்சான்? கேட்டுச்சா?”

“கேட்டுச்சு மாப்ள. உக்காருங்க, பிரஷர் ஏறப் போவுது.”

“ஏறட்டும்!”

ஒழுங்காகச் செய்தான் என்றது பொய். காட்டிய விதத்துக்கு என் மார்க் இன்றைக்கும் பூஜ்யம்தான். ஆனால் அன்று மார்க் கேட்டு யாரும் வரவில்லை.

தாய்மாமன் தொண்டையைச் செருமி, “தட்ட எடுங்க” என்றார். மனைவி வெற்றிலைத் தட்டைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். கோபத்தில் வெடுக்கென்று வாங்கினேன், பழம் ஒன்று உருண்டது. அந்த அம்மா எதிர்ப்பக்கம் வந்து நின்று தம் தட்டை ஏந்தினார். அடுப்படி வாசலில் மகள் நின்றிருந்தாள். அவளுக்காக என் வாழ்நாளில் செய்யாததைச் செய்துவிட்டு நிற்கிறேன், அவளோ என்னைப் பார்க்கவே இல்லை. அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்கும் எனக்குக் கோபம் வந்தது. தட்டை நீட்டினேன்.