காலை என்றால் எந்தக் காலை?

மருந்துக் கடையில் மாத்திரை எடுத்துக் கொடுப்பது சுலபம், "புரிஞ்சுதா?" என்று கேட்டு உண்மையான பதில் வாங்குவதுதான் பெரும்பாடு. என்னைப் போலக் கவுண்டருக்குப் பின்னால் நின்று நின்று கால் வீங்கியவர்களுக்கு இது தெரியும். எல்லாரும் தலையாட்டுவார்கள். நெய்வேலி டவுன்ஷிப்பை ஒட்டி, வடக்குத்து கிராமத்தில் இருக்கும் எங்கள் கடைக்கு வருகிறவர்கள் கொஞ்சம் கூடுதலாகவே ஆட்டுவார்கள்.

வெந்நீர் வைத்தியம்

நிலக்கரி மைன்ஸில் பெரிய மெஷின் ஓட்டி ரிட்டயர்டான ஒருவர் மூச்சிரைப்புக்கு மருந்து வாங்கினார். சின்னக் கருவியில் போட்டு வாயால் உறிஞ்ச வேண்டிய கேப்ஸ்யூல். எப்படி என்று சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் "தெரியும்மா, தெரியும்" என்று பையை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அப்புறம் ஒருநாள், இரைப்பு கொஞ்சமும் குறையவில்லை, மருந்து டூப்ளிகேட்டா என்று சண்டைக்கு வந்தார்.

கூட வந்த அவர் மனைவியிடம் விசாரித்தேன். கேப்ஸ்யூலை வெந்நீரோடு விழுங்கியிருக்கிறார் மனுஷன். கருவி பெட்டியை விட்டே வெளியில் வரவில்லை. எனக்கு வந்த கோபத்தில் நன்றாகக் கேட்டிருப்பேன். அந்தம்மா முந்திக்கொண்டார். "அம்மாம் பெரிய மெஷினை ஓட்டினவரு, இத்துனூண்டு டப்பாவை எப்படித் திறக்கறதுன்னு கேக்க வெக்கமா இருந்துச்சாம்."

வசந்தாவின் சந்தேகம்

ஏழுமலைக்கு மைன்ஸில் காண்ட்ராக்ட் வேலை. புதிதாகச் சர்க்கரை வந்து, டாக்டர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு, எங்களிடம்தான் மாத்திரை வாங்கினார். ஒரு நாள் காலைக் கூட்டத்தில் அவர் மனைவி வசந்தா அந்த மாத்திரை அட்டையை நீட்டினாள்.

"அக்கா, காலையில சாப்பாட்டுக்கு முன்னன்னு சொன்னீங்களே, எந்தக் காலைங்க?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். "ஒரு நாளைக்கு எத்தினி காலைம்மா வருது?" என்றார் ஒருவர். வசந்தாவுக்கு முகம் சுண்டிப்போனது. ஆனாலும் நகரவில்லை.

"அவருக்கு நைட் ஷிப்ட்டுங்க. விடிஞ்சு வூட்டுக்கு வந்து மாத்திரையப் போட்டுகினு அப்படியே படுத்துடறாரு. மத்தியானம் எழுந்துதான் சாப்பாடு. இன்னிக்கு வேர்த்து ஊத்துது, எழுப்பினா 'ம்'ங்கறாரு, எழுந்துக்க மாட்டேங்கறாரு. அலுப்பா, மாத்திரையான்னு தெரியலீங்க."

சர்க்கரையை இறக்கும் மாத்திரை போட்டு வெறும் வயிற்றோடு தூங்கினால் ஆளே எழுந்திருக்காமல் போகலாம். குளுக்கோஸ் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு அவளோடு ஓடினேன். வீடு அடுத்த தெரு. பின்னால் முதலாளி கத்தியதெல்லாம் காதில் ஏறவில்லை. ஏழுமலையை உலுக்கி உட்காரவைத்து, விழுங்குகிறாரா என்று பார்த்துப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினோம். மெல்லக் கண் தெளிந்து, "என்னா, டூட்டிக்கு நேரமாயிடுச்சா?" என்றார். வசந்தா அப்போதுதான் அழ ஆரம்பித்தாள்.

உடனே ஆட்டோ பிடித்து டாக்டரிடம் கொண்டுபோனோம். பரிசோதித்துவிட்டு, "நைட் ஷிப்ட்டுன்னு எங்கிட்ட சொல்லவே இல்லையே?" என்றார் அவர். ஏழுமலை தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "நீங்களும் கேக்கல, நானும் கேக்கலீங்க."

ஷிப்ட் மாறும் வாரம்

உடம்பு தேறியதும் ஏழுமலை தானே கடைக்கு வந்தார். அன்றைக்கும் நல்ல கூட்டம். ஆள் ஓரமாக நின்று கிசுகிசுப்பார் என்று நினைத்தேன். நேரே கவுண்டருக்கு வந்து, "அடுத்த வாரம் எனக்கு ஷிப்ட் மாறுதுங்க. அப்ப மாத்திரை எப்படி?" என்று எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டார்.

நல்ல கேள்வி. எனக்கே நிச்சயமாகத் தெரியவில்லை. கடையிலிருந்தே டாக்டருக்குப் போன் போட்டேன். யாராவது சிரித்தால் இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று முறைத்துக்கொண்டுதான் நின்றேன். ஒருத்தரும் சிரிக்கவில்லை. போனை வைத்துவிட்டு, எந்த ஷிப்ட்டானாலும் தூங்கி எழுந்து, சாப்பாடு தட்டில் வந்த பிறகுதான் மாத்திரை என்று ஏழுமலையிடம் சொன்னேன். வரிசையின் கடைசியில், டூட்டி உடுப்போடு நின்ற, மைன்ஸில் பர்மனன்ட் வேலையில் இருக்கும் ஒருவர் கழுத்தை நீட்டினார். "கொஞ்சம் சத்தமா சொல்லுங்கம்மா, நானும் அதே மாத்திரையைத்தான் ரெண்டு வருஷமா போட்டுகினு படுக்கறேன்."

இப்போதெல்லாம் எங்கள் கடையில் மாத்திரையைவிடக் கேள்விதான் அதிகம் போகிறது, அதற்கு பில் போட வழியில்லையே என்பதுதான் எங்கள் முதலாளிக்கு இருக்கும் ஒரே தீராத வியாதி.