வியாழக்கிழமை லோட்டும் மார்லினின் கோபமும்

1. பின்னால் நில்

மார்லின் என் றக் வண்டியை வரிசையின் கடைசிக்கு அனுப்பிய அன்று எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனக்குப் பிறகு வந்த இரண்டு றக்குகளைக் கையைக் காட்டி ஸ்கேலில் ஏற்றினார். இறங்கிப் போய் ஜன்னலில் கேட்டேன். "கொஞ்சம் பொறுக்க வேணும்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். முன்பெல்லாம் "ஜே, வீட்டில எல்லாரும் சுகமோ?" என்று கேட்காமல் அந்த ஜன்னலைத் திறக்க மாட்டார். அங்கே எல்லாரும் இங்கிலீஷில்தான் பேசினார்கள். என் ஞாபகத்தில் இருப்பது எங்கள் பேச்சில்தான், ஆகவே அப்படியே எழுதுகிறேன்.

இடம் அமெரிக்காவின் இண்டியானாவில் ஒரு சின்ன ஊர். பொப்கோர்ன் சோளம் விளையும் பக்கம். ஊர் நடுவில் எலிவேற்றர், அதாவது சுற்றுவட்டாரத் தானியமெல்லாம் வந்து சேரும் உயரமான களஞ்சியங்கள். அங்கே ஹொப்பர் ரெயிலரில் சோளம் ஏற்றி, கனடாவின் ஸ்காபரோவில் நொறுக்குத் தீனி செய்யும் ஒரு பக்ரறிக்குக் கொண்டுவருவது என் வேலை. றக்கை வெறுமையாக நிறுத்து, சோளத்தைக் கொட்டி, மறுபடி நிறுப்பார்கள். நிறுக்கும் ஸ்கேல் மார்லின் என்ற அம்மாவின் ராச்சியம். யார் முன்னால், யார் பின்னால் என்பது அவர் சொல்வதுதான்.

பிந்தினால் என்ன என்று லோங் ஹோல், அதாவது தூர ஓட்டம், ஓடாதவர்கள் கேட்கலாம். வரிசையில் சும்மா நிற்கும் நேரமும் சட்டம் அளந்து தந்த எங்கள் வேலை நேரத்தில்தான் கழியும். நேரம் முடிந்தால் றக்கை ஓரங்கட்டிப் படுக்க வேண்டும், இல்லாவிட்டால் லைசென்ஸுக்கு ஆபத்து. வியாழன் பிந்தி ஏற்றினால் வெள்ளி பின்னேரத்துக்குள் ஸ்காபரோவில் இறக்க முடியாது. வெள்ளி தவறினால் திங்கள்தான். பக்ரறியில் மெஷின் சும்மா நிற்கும்.

அப்படிச் சில வியாழன்கள் போயின. பிறம்ரன் யார்டிலிருந்து, எங்களுக்கு லோட் பிரித்துக் கொடுக்கும் டிஸ்பாச்சர் சிறி அண்ணை கூப்பிட்டார்.

"ஜெயம், உந்த லோட் ஏன் பிந்திப் பிந்தி வருது? பக்ரறிக்காரன் என்னைப் போட்டுக் கத்துறான்."

"அங்க வரிசை அண்ணை."

"மற்றவனுக்கு இல்லாத வரிசை உமக்கு மட்டும் என்ன வரிசை? சரிவராட்டிச் சொல்லும், வேற ஆளைப் போடுறன். நீர் திரும்பக் கலிபோர்னியா ஓடும்."

கலிபோர்னியா ஓட்டம் என்றால் வீட்டுக்கு இரண்டு கிழமைக்கு ஒருமுறை வருவது. சில வருடம் ஓடியிருக்கிறேன். அந்தக் காலத்தில் போன் எடுத்தால் என் மகள் "ஹாய் அப்பா, அம்மாட்டக் குடுக்கிறன்" என்று உடனே போனைக் கைமாற்றிவிடுவாள், யாரோ தூரத்து மாமாவோடு பேசுவதுபோல. இண்டியானா லோட் கிடைத்த பிறகுதான் சனி ஞாயிறு வீட்டில் இருக்கிறேன். அவளும் என்னோடு வாயடிக்கத் தொடங்கியிருந்தாள். உண்மையைச் சொன்னால் எனக்குப் பயம் பிடித்துவிட்டது.

2. விடைபெறத் தெரிந்த ஊர்

அந்த ஊரைப்பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு மெயின் ஸ்ட்ரீற், ஒரு தண்ணீர்த் தாங்கி, இரண்டு சேர்ச், ஒரு கோப்பிக்கடை. காலையில் சோளம் விளைவிக்கும் கமக்காரர்கள் கடையின் பெரிய மேசையில் கூடி, அன்றைய கோப்பிக்கு யார் காசு கொடுப்பது என்று தாயக்கட்டை உருட்டுவார்கள். மழை, டீசல் விலை, யாருடைய முழங்காலில் ஒப்பரேஷன், எல்லாம் அந்த மேசையில்தான். எதிரே வரும் பிக்கப் றக்கில் முன்பின் தெரியாதவர் இருந்தாலும் ஸ்ரியறிங்கில் பிடித்த கையிலிருந்து வணக்கமாக ஒரு விரல் எழும்பும். நானும் எழுப்பப் பழகினேன். அதே பழக்கத்தில் ரொறன்ரோவின் 401 ஹைவேயில் ஒருநாள் விரலை எழுப்பி, பக்கத்து லேன்காரனிடம் நன்றாக வாங்கிக் கட்டினேன்.

அவர்களுடைய பெரிய கலை விடைபெறுவது. கதிரையிலிருந்து எழும்பி ஒருமுறை போகிறேன் என்பார்கள். வாசலில் நின்று இன்னொருமுறை. பிறகு வாகனம் வரை கூடவந்து, கதவுக் கண்ணாடியில் கையை ஊன்றிக்கொண்டு மூன்றாவது முறை. இதற்குள் ஒரு புதுக்கதை தொடங்கிவிடும். ஸ்காபரோ கலியாண மண்டப வாசலில் எங்கள் ஆட்கள் நிற்பதெல்லாம் இவர்களுக்கு முன்னால் ஒன்றுமில்லை.

3. கிளெனின் செத்தவீடு

மார்லினின் புருசன் கிளெனை எனக்குத் தெரியும். காலையில் தன் சோள வயலுக்குப் போக முன்னம் ஸ்கேல் அறையின் மூலையில் உட்கார்ந்து, மார்லினின் கோப்பியைக் குடித்துக்கொண்டே அதைக் குறை சொல்லுவார். என்னைக் கண்டால் "கனடாவில இன்னும் சூரியன் இருக்கோ?" என்பார். ஒவ்வொரு முறையும் அதே பகிடி. ஒவ்வொரு முறையும் சிரித்தேன், மனிதர் அப்படி.

சோள அறுவடை முடிகிற சமயம். ஒரு வியாழன் விடிய நான் போய்ச் சேர்ந்தபோது ஸ்கேலில் மார்லின் இல்லை. எலிவேற்றரில் தானியம் கொட்டும் ட்வைற் தனியாக நின்றார், கழுத்தில் ரை கட்டி, மேலே வேலைக் கோட்டுப் போட்டு. கிளென் நெஞ்சுவலி வந்து இறந்துவிட்டார், பத்து மணிக்கு சேர்ச்சில் அடக்கப் பூசை என்றார். எனக்கு லோட்டைப் போட்டுவிட்டு எலிவேற்றரைப் பூட்டினார். றக்கை ஒரு பக்கத்து வீதியில் நிறுத்திவிட்டு நானும் போனேன்.

பூசை முடிந்து அடக்கமும் முடிந்து, சேர்ச்சின் நிலக்கீழ் மண்டபத்தில் சாப்பாடு. ஹாம் சான்ட்விச், உருளைக்கிழங்கு சலட், வீடு வீடாகச் சுட்டுக் கொண்டுவந்த இனிப்புகள். மார்லினின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்சநேரம் நின்றேன். அவர் அழுதார், எனக்கும் கண் கலங்கியது. பிறகு ஒரு மூலையில் இருந்து கொஞ்சம் சாப்பிட்டேன். நேரம் வந்ததும் எழும்பி, ஒருவரிடமும் ஒன்றும் சொல்லாமல் வெளியே நடந்தேன்.

ஏன் என்று எங்கள் ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. செத்தவீட்டில் "போட்டு வாறன்" என்று யார் சொல்லுவார்? திரும்ப வருகிறேன் என்றால் அந்த வீட்டில் இன்னொரு சாவுக்கு வருகிறேன் என்றல்லவா ஆகும்? நான் வேதக்காரன், கிறிஸ்தவன், ஆனால் இந்தப் பழக்கத்தில் சைவம் வேதம் என்று பேதமில்லை. பேசாமல் எழும்பி நடப்பதுதான் மரியாதை. மரியாதையாக நடந்தேன் என்ற நிம்மதியோடு கனடா போடருக்கு ஓடினேன்.

அடுத்த வியாழன் மார்லின் வேலைக்கு வரவில்லை. அதற்கடுத்த வியாழன் வந்தார். என்னைக் கடைசிக்கு அனுப்பியது அன்றுதான். துக்கத்தில் இருக்கிறார், மனம் ஓரிடத்தில் இல்லை என்று நினைத்தேன். ஆனால் மற்ற றைவர்களிடம் அவர் முன்போலவே பேசினார்.

4. ட்வைற் சொன்னது

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். "உங்களுக்கு வாயில்லையோ? கேக்கிறதுதானே" என்றாள். மார்லினிடம் கேட்க எனக்குத் துணிவில்லை. சிறி அண்ணை கலிபோர்னியாவைப் பற்றிச் சொன்ன பிறகு, லோட் ஏறும்போது ட்வைற்றைப் பிடித்தேன்.

அவர் சோளம் கொட்டும் குழாயை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "உனக்கு உண்மையாத் தெரியாதோ? நீ செத்தவீட்டில சொல்லாமல் ஓடினனியெல்லோ."

"ஓடேல்லை. நடந்துதான் போனனான்."

"எல்லாம் ஒண்டுதான். அவ உனக்கெண்டு சாப்பாட்டுப் பெட்டி கட்டினவ. தூர ஓட்டம், பசியோட போகக்கூடாதெண்டு. அதைக் கையில வைச்சுக்கொண்டு பார்க்கிங் லொட் முழுக்க உன்னைத் தேடினவ, அந்தக் குளிர்காத்துக்குள்ள. புருசனைத் தாட்ட அண்டைக்கு. ஆக்கள் பார்த்துக்கொண்டு நிண்டவை."

அந்தப் பெட்டியை அவர் திரும்ப உள்ளே கொண்டுபோயிருப்பார். எந்த மேசையில் வைத்தாரோ தெரியாது.

5. ஜன்னலில்

ட்வைற்றிடம் நன்றி சொல்லிவிட்டு, லோட் ஏறியதும் றக்கை ஸ்கேலில் விட்டு நேரே ஸ்கேல் அறைக்குப் போனேன். மார்லின் தனியாக இருந்தார். வரிசையில் கடைசி நான்தான், பின்னால் அவசரப்பட ஒருவரும் இல்லை. எங்கள் பழக்கத்தைச் சொன்னேன். என் இங்கிலீஷ் றோட்டு இங்கிலீஷ், செத்தவீட்டுக் கதைக்குப் போதாது. இரண்டு தரம் சொன்னேன்.

"அப்ப நீர் கோபத்தில போகேல்லையோ?" என்று கேட்டார். "ஆக்கள் கூடிப்போச்சு, இவருக்கு எங்களோட நிக்க விருப்பமில்லை எண்டெல்லாம் நினைச்சன்."

"இல்லை. உங்கட வீட்டுக்கு இனி ஒரு கெடுதி வரக்கூடாதெண்டுதான்."

மார்லின் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே பனி லேசாகக் கொட்டத் தொடங்கியிருந்தது.

"அண்டைக்கு எல்லாரும் சொல்லிப்போட்டுத்தான் போனவை" என்றார். "'ஏதும் வேணுமெண்டால் கூப்பிடு, அடுத்த கிழமை எட்டிப் பாக்கிறம்' எண்டு. குறை சொல்லேல்லை. எங்கட வயலில மிச்சச் சோளத்தை வெட்டித் தந்தவை, ஒரு மாதம் சாப்பாடு கொண்டுவந்தவை. பிறகு அவையவைக்கு அவையவையின்ர பாடு. நீர் ஒண்டும் சொல்லேல்லை. ஆனா வியாழன் எண்டால் வந்து நிக்கிறீர். கடைசியில விட்டாலும் வாறீர்."

பொய் சொல்ல மனம் வரவில்லை. "அது என்ர வேலை, மார்லின்" என்றேன்.

"தெரியும்" என்று சிரித்தார். செத்தவீட்டுக்குப் பிறகு அவர் என்னோடு சிரித்தது அன்றுதான். "எண்டாலும் வாறீர்தானே."

ஸ்கேலில் பச்சை விளக்கு எரிந்தது. றக்கை நிறுத்து முடிந்ததும் நிறை எழுதிய ரிக்கெற்றை வாங்கிக்கொண்டு வெளியே வந்து றக் பக்கம் நடந்தேன். பின்னால் ஜன்னல் படாரென்று திறந்தது.

"ஜே! இது செத்தவீடில்லை, வேலை செய்யிற இடம். போறதெண்டால் சொல்லிப்போட்டுப் போம்!"

இப்போது ஸ்காபரோவுக்குக் கிட்ட அஜக்ஸில் ஓய்வாக இருக்கிறேன். புதிதாக றக் ஓட வரும் பிள்ளைகள் என்னிடம் றூட் கேட்பார்கள், எந்த போடரில் கூட்டம் குறைவு என்று கேட்பார்கள். அதோடு இதையும் சொல்லுவேன்: நீங்கள் மரியாதை என்று நினைத்துச் செய்வது மற்றவருக்குத் தானாக விளங்காது, வாயைத் திறந்து சொல்லுங்கள். அவர்கள் முகம் மாறினால் ஏன் என்று அன்றைக்கே கேளுங்கள்.

இண்டியானா லோட்டைக் கடைசிவரை நான்தான் ஓடினேன். ஒவ்வொரு வியாழனும் போகும்போது ஜன்னலில் ஒருதரம் சொல்லுவேன், வாசலில் ஒருதரம், றக்கில் ஏறி இருந்துகொண்டு இன்னொருதரம். அதற்கும் நேரம் வேண்டும் என்பதால் பிறம்ரனிலிருந்து கொஞ்சம் வெள்ளெனவே வெளிக்கிட்டேன்.