இடுப்புக்கா, தோளுக்கா?

சாமராஜநகரிலிருந்து நாத்தனார் மகள் திவ்யா நேற்று வாட்ஸ்அப்பில் மூன்று படங்கள் அனுப்பியிருந்தாள். எல்லாவற்றிலும் ஒரு வெள்ளைக்காரப் பெண் நெஞ்சில் குழந்தையைக் கட்டிக்கொண்டு பல் தெரியச் சிரிக்கிறாள். குழந்தை தூங்குகிறது. கீழே, ‘அத்தை, இதுல எதை எடுக்கட்டும்? நீங்கதான் பாப்பாவ எப்பவும் மாட்டிக்கிட்டே திரிவீங்களாமே, அம்மா சொன்னாங்க’ என்று எழுதி, பக்கத்தில் ஒரு கங்காரு பொம்மையும் போட்டிருந்தாள்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒன்று வெறும் நீளத் துணி. தோளில் போட்டு, முதுகில் குறுக்கே இழுத்து, இடுப்பில் முடிய வேண்டும். கட்டத் தெரிந்தவர்களுக்குச் சுகம். தெரியாதவர்கள் கட்டி முடிப்பதற்குள் குழந்தை பள்ளிக்கூடம் போய்விடும். இன்னொன்று ஒற்றைத் தோளில் தொங்குகிற, வளையம் வைத்த துணி. கடைசியாக இருந்தது பட்டையும் கொக்கியுமாக, மலையேறப் போகிறவர்கள் மாட்டுகிற பை மாதிரி. ‘கடைசி. இடுப்புப் பட்டை அகலமா இருக்கான்னு பாரு. குழந்தையோட முட்டி பின்பக்கத்தை விட ஒசந்து இருக்கணும், காலு தொங்கக் கூடாது. கடைக்குப் போயி மாட்டிப் பாத்து வாங்கு’ என்று பதில் போட்டேன். இதயம் இதயமாக அனுப்பினாள். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். மிச்சத்தை உங்களிடம் சொல்கிறேன்.

குழந்தை வளர்த்த பெண்களிடம் உச்சந்தலை வாசனையைப் பற்றிக் கேட்டுப்பாருங்கள், நிறுத்தவே மாட்டார்கள். எனக்கு என் மகளின் உச்சந்தலை வாசனை நினைவில்லை. அவளை மாட்டிக்கொண்டு திரிந்த பையின் தோள்பட்டை வாசனை நினைவிருக்கிறது. அவள் சப்பிச் சப்பி ஊறிய நைலான் பட்டை, காய்ந்த பால், வெயில். எத்தனை துவைத்தாலும் போகாது. இப்போதும் அவளுடைய பள்ளிப் பையை ஊறப்போடும்போது அந்த வாடை லேசாக வரும், உடனே மூக்கு மைசூரில் நாங்கள் அப்போது இருந்த மேட்டகள்ளி வீட்டுக்குப் போய்விடும்.

அது மாடி வீடு. கீழே வீட்டுக்காரம்மா இருந்தார். என் கணவர் பக்கத்திலேயே ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தார். கர்நாடக எல்லையில் இருக்கிற ஹனூர்க்காரர், தமிழும் கன்னடமும் அவருக்கு ஒன்றுதான். நான் கோபிசெட்டிப்பாளையத்துப் பெண். இடையில் ஒரு மலைதான், பஸ் ஏறினால் வந்துவிடலாம், ஆனால் எனக்கு அப்போது ‘பேக்கு’, ‘பேடா’ தவிரக் கன்னடம் தெரியாது. வேண்டும், வேண்டாம். அதை வைத்துக்கொண்டே ஒரு பெண் மைசூரில் காய்கறி வாங்கிப் பிழைத்துவிடலாம் என்பதற்கு நானே சாட்சி. பிரசவம் அம்மா ஊரில் முடிந்து, குழந்தைக்குத் தலை நின்றதும் அவளைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்தேன்.

அந்த நாட்களில் எனக்கு ஒன்றும் இல்லை. இதைச் சரியாகச் சொல்ல வேண்டும். துக்கமாக இருந்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். அழுகையும் வரவில்லை, எரிச்சலும் வரவில்லை. குழந்தை அழுதால் எடுத்தேன், பால் கொடுத்தேன், துடைத்தேன், படுக்க வைத்தேன். பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் வேறு யாருடைய கன்னத்தையோ தொடுவது மாதிரி இருக்குமே, அப்படி இருந்தது. பிரசவத்துக்கு ஆபரேஷன் செய்த டாக்டரம்மா, ‘அங்க கொஞ்ச நாளு மரத்துப்போன மாதிரி இருக்கும், போகப்போகச் சரியாயிரும்’ என்று சொல்லி அனுப்பினார். அவர் தையலைப் பற்றித்தான் சொன்னார். இப்போது இதற்கு ஒரு பெயர் இருக்கிறது, ஆஸ்பத்திரிச் சுவரில் போஸ்டர்கூட ஒட்டியிருக்கிறார்கள். அப்போதும் இருந்திருக்கும். எல்லாத் தாய்க்கும் இப்படித்தான், யாரும் வெளியில் சொல்வதில்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வந்தவர்கள் எல்லாரும் குழந்தை யார் சாயல் என்று ஆராய்ந்தார்கள். மூக்கு அப்பா, நெற்றி அத்தை. என்னிடம் கேட்டால் நானும் ஏதாவது சொல்வேன். எதிரே தொங்கும் காலண்டர் படத்தைப் பற்றிக் கேட்டிருந்தாலும் அதே குரலில் சொல்லியிருப்பேன்.

நான் இயல்பிலேயே பொருளை வைத்துவிட்டு மறக்கிறவள். பஸ்ஸில் விட்ட குடைகளைச் சேர்த்து வைத்திருந்தால் சொந்தமாகக் குடைக்கடையே போட்டிருக்கலாம். ஒரு நாள் காலை, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். பால் பொங்கியது. இரண்டு கையும் வேண்டியிருந்தது. குழந்தையைச் சமையல் மேடையில் படுக்க வைத்துவிட்டு அடுப்பை அணைத்தேன், பாத்திரத்தை இறக்கி வைத்தேன், கூடத்துக்கு வந்து துணி மடிக்க உட்கார்ந்தேன். அவளுடைய சட்டைகளைத்தான் மடித்தேன். வீடு சத்தமில்லாமல் இருந்தது. நல்லது என்று நினைத்தேன். கொஞ்சம் கழித்து உள்ளே கரண்டி விழுந்தது. போய்ப் பார்த்தால், மேடையின் விளிம்பில் குப்புறப் புரண்டு கிடந்தாள். அந்தப் பக்கம் கொதித்த பால். கரண்டியைத் தள்ளிவிட்டதில் அவளுக்குப் பெரிய சந்தோஷம், என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டிருக்க வேண்டும் அல்லவா? போடவில்லை. எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு மிச்சத் துணியை மடித்தேன். குடை தொலைந்தால்கூட வாயில் ஓர் ‘அய்யோ’ வரும். அது ஏன் வரவில்லை என்று அன்று முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன். அடுத்த முறை மேடையில் வைப்பேனா, மொட்டைமாடிச் சுவரில் வைப்பேனா என்று எனக்கே தெரியாது என்பது மட்டும் புரிந்தது.

சாயங்காலம் அவர் வந்ததும் கேட்டேன். “ஏனுங்க, புள்ளைய ஒடம்போட மாட்டிக்கற பை ஒண்ணு வாங்கித் தாங்க. கை நோவுது.”

கை நோகவில்லை. உடம்போடு கட்டிவிட்டால் எங்கேயும் வைத்துவிட்டு வர முடியாது, அதற்குத்தான். ஆனால் இதை ஒருவரிடம் எப்படிச் சொல்வது? கை வலி என்றால் யாரும் மேலே கேட்க மாட்டார்கள்.

அவருக்கு உற்சாகமாகிவிட்டது. பைக் வாங்கியபோது செய்த ஆராய்ச்சியை எல்லாம் திரும்பச் செய்தார். எத்தனை கிலோ தாங்கும், கொக்கி எந்த ஊர்த் தயாரிப்பு, வாரண்டி உண்டா என்று நெட்டில் தேடினார். “மைலேஜ் மட்டும்தான் போடல கண்ணு” என்றார். நான் சிரித்தேன். சிரிக்க வேண்டிய இடங்களில் சிரிக்க எனக்கு அப்போதும் தெரிந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சிவராம்பேட்டையில் ஒரு கடைக்குப் போனோம். இப்போது அங்கே செல்போன் உறை விற்கிறார்கள். அன்று அது முழுக்க ரப்பர் விரிப்பும் பவுடரும் கலந்து மணக்கிற குழந்தைச் சாமான் கடை. முதலில் ஒரு பையன் கங்காருப் பை என்று ஒன்றை எடுத்து வந்து, குழந்தையை அதில் இறக்கி என் மேல் மாட்டிவிட்டான். கொடியில் காயப்போட்ட கால்சட்டை மாதிரி இரண்டு காலும் நேராகத் தொங்கின. எடை எல்லாம் என் கழுத்தில். அவள் முகம் சுருங்கியது. வேண்டாம் என்றேன். அதாவது ‘பேடா’.

பிறகு ஒரு பெண் வந்தாள். என் வயதுதான் இருக்கும், நல்ல சுறுசுறுப்பு. கழற்றிப் போட்ட பையை ஓரமாகத் தள்ளிவிட்டு, குழந்தையைத் தாடையால் காட்டி என்னிடம் கேட்டாள்.

“சொண்டக்காம்மா?”

சொந்தமா என்று என் காதில் விழுந்தது. சொந்தக் குழந்தையா என்று கேட்கிறாள். கடைக்குக் குழந்தையோடு வருகிறவளிடம் இப்படிக் கேட்பார்களா என்று எனக்குத் தோன்றவே இல்லை. நியாயமான கேள்வி என்றுதான் தோன்றியது. குழந்தையைப் பார்த்தேன். அவளும் என்னைப் பார்த்தாள்.

“தெரியலைங்க” என்றேன்.

“பரவாகில்ல, எரடூ தோரிஸ்தீனி” என்று அந்தப் பெண் இரண்டையும் காட்டுவதற்காக உள்ளே போனாள். இவர் முதலில் என்னைப் பார்த்து விழித்தார், பிறகு விஷயம் விளங்கி, கண்ணில் நீர் வரச் சிரித்தார். “சொந்தமான்னு கேக்கல கண்ணு! சொண்ட. கன்னடத்துல இடுப்பு. இடுப்புக்கு மாட்டறதா, தோளுக்கு மாட்டறதான்னு கேக்கறா.” அந்தப் பெண் திரும்பி வந்ததும் அவளிடமும் கன்னடத்தில் சொல்ல, அவளும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

எங்கள் குடும்பத்தில் ரொம்ப நாள் ஓடிய கதை இது. காதுகுத்து, கிரகப்பிரவேசம், எங்கே நாலு பேர் கூடினாலும், “சொந்தப் புள்ளையான்னு கேட்டா தெரியலைங்கறா!” என்று அவர் ஆரம்பித்துவிடுவார். நானும் கூடச் சிரிப்பேன். நல்ல கதைதான். நான் கேள்வியைத்தான் தப்பாகக் கேட்டேன், பதிலைச் சரியாகத்தான் சொன்னேன் என்பது மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் அதை எடுத்துச் சொல்ல ஒரு சந்தர்ப்பம் வாய்க்கவில்லை.

தோளுக்கு மாட்டுவது சரிப்படவில்லை. இடுப்புக்கு மாட்டுவதில் அகலமான பட்டை, முதுகுக்குப் பின்னால் பெரிய கொக்கி. ‘டக்’ என்று பூட்டியதும் எடை இறங்கி இடுப்பில் உட்கார்ந்துகொண்டது. பட்டை சரியாகத் தையல் மேல் வந்தது. வலிக்கிறதா என்று இவர் கேட்டார். அங்கே எதுவுமே தெரியவில்லை என்பதால் இல்லை என்றேன். அந்தப் பெண் குழந்தையின் முட்டிகளைத் தூக்கி உட்கார வைத்து, பையின் தோள்பட்டையை இழுத்து இறுக்கிவிட்டு ஏதோ சொன்னாள். இவர் மொழிபெயர்த்தார். “குனிஞ்சு தலையில ஒரு முத்தம் குடுத்துப் பாக்கணுமாம். எட்டலைன்னா கீழ கட்டியிருக்கோம்னு அர்த்தமாம்.”

குனிந்தேன். எட்டியது. “சரியாய்த்து” என்று அவள் பில் போடப் போனாள். அதற்கு முன்னால் நான் குழந்தைக்கு முத்தம் கொடுத்திருக்கிறேனா? நாலு பேர் எதிரில் கொடுத்திருப்பேன். எனக்கு நினைவிருப்பது, உயரம் பார்ப்பதற்காகக் கொடுத்த அந்த ஒன்றுதான்.

அதன்பின் அவள் என் மேலேயே இருந்தாள். காலையில் கொக்கியைப் பூட்டினால், பால் கொடுக்கவும் துணி மாற்றவும்தான் கழற்றுவேன். அவளை மாட்டிக்கொண்டே பாத்திரம் தேய்த்தேன், துணி காயப்போட்டேன், மார்க்கெட்டுக்குப் போனேன். தெருப்பிள்ளைகள் ‘கங்காரு ஆன்ட்டி’ என்று பெயர் வைத்தார்கள். வீட்டுக்காரம்மா முதலில் குழந்தைக்கு மூச்சு முட்டாதா என்று சண்டைக்கு வந்தார். அப்புறம் மனம் மாறி, போகிற வருகிறவர்களிடமெல்லாம் என்னைக் காட்டி, “எஷ்டு ப்ரீத்தி நோடு!” என்று சொல்ல ஆரம்பித்தார். எவ்வளவு பாசம் பார் என்று அர்த்தம். அந்தக் கன்னடம் எனக்குச் சீக்கிரமே புரிந்துவிட்டது.

அந்தப் பையில் எனக்குப் பிடித்தது, குழந்தையின் முகம் தெரியாது. என் பக்கம் திரும்பி நெஞ்சில் சாய்ந்திருப்பாள். நான் பார்த்தது அவள் உச்சியைத்தான். இரட்டைச் சுழி, இடதுபக்கச் சுழி கொஞ்சம் பெரியது. இன்றைக்கும் காகிதம் கொடுத்தால் வரைந்து காட்டுவேன். அந்த வயதில் அவள் முகம் எப்படி இருந்தது என்று கேட்டால், போட்டோவைத்தான் எடுத்துப் பார்க்க வேண்டும். ஆனால் அவளை நான் எங்கேயும் வைத்துவிட்டு வரவில்லை. அந்த வேலையை அந்தப் பை ஒழுங்காகச் செய்தது.

அவள் நடக்க ஆரம்பித்த பிறகு பை கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. பகலில் பாதி நேரம் கீழே வீட்டுக்காரம்மாவிடம் இருந்தாள். நான் மாடியில் என் வேலையைப் பார்த்தேன். ஒரு நாள் மொட்டைமாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு போனாள். எதிர்வீட்டுத் தொட்டியில் ஒரு காகம் குளித்தது. அவள் நின்று, அதைப் பார்த்து, தன் தலையிலும் தண்ணீர் தெளித்துக்கொள்வதுபோலக் கையை ஆட்டினாள். அவ்வளவுதான் நடந்தது. எனக்கு அவளைத் தூக்க வேண்டும்போல இருந்தது. இப்போதே, இந்த நிமிஷமே. கையில் இருந்த துணியை அப்படியே கீழே போட்டேன்.

ஓடிப்போய்த் தூக்கினேன். நெளிந்தாள். “கெளகே” என்றாள். கீழே விடு என்று வீட்டுக்காரம்மாவிடம் கற்றுக்கொண்ட கன்னடம். விட்டேன். பின்னாலேயே போனேன். வீட்டுக்குள் வந்து, ஆணியில் இருந்த பையை எடுத்து, பழைய மாதிரியே உட்கார வைத்துக் கொக்கியைப் பூட்டினேன். உதைத்தாள், முதுகை வளைத்தாள், “கெளகே, கெளகே” என்று கத்தி அழுதாள். அவளை அவிழ்த்துவிட்டேன். படியில் ஒவ்வொன்றாக உட்கார்ந்து இறங்கி, வீட்டுக்காரம்மாவிடம் போய்விட்டாள்.

நான் கூடத்திலேயே நின்றேன். இடுப்பில் பட்டை இறுக்கமாக இருந்தது, பை முன்னால் தளர்ந்து தொங்கியது. அவர் வேலை முடிந்து படியேறி வந்தார். என்னைப் பார்த்துவிட்டு, எப்போதும் போலக் கேலியாக, “என்ன கண்ணு, பை இருக்குது, புள்ளையக் காணோம்?” என்றார்.

அவளைப் பெற்ற பிறகு அன்றைக்குத்தான் முதல்முறையாக அழுதேன். நிறுத்த முடியவில்லை. அவர் பயந்துபோய்ப் பால்கனிக்கு ஓடிக் கீழே எட்டிப் பார்த்தார். “இங்கதான் இருக்கறா, வெளையாடறா, ஒண்ணுமில்ல” என்றார்.

அவர் சொன்னது சரிதான். கீழே விளையாடியவள் இருந்தாள். இன்றைக்கும் இருக்கிறாள், எட்டாம் வகுப்பு படிக்கிறாள், என்னைவிட உயரமாகிவிட்டாள். தலை நின்றதும் மைசூருக்கு ஒருத்தியைத் தூக்கிவந்தேனே, அவளைத்தான் காணோம்.