நிழலில் நின்ற கார்

எட்டாவதோடு பள்ளியை விட்டுவிட்டுச் சங்ககிரியில் லாரி ஓட்டப் போனவன் நான். எதற்கெடுத்தாலும் பயம். பழைய வண்டி வாங்கப் போனால் முதலில் எஞ்சின் மூடியான பானட்டில் கை வைத்துப் பார்ப்பேன். ஆறிய எஞ்சினைக் கிளப்பும்போதுதான் அதன் குறை வெளியே தெரியும்.

என்னோடு இருபது வருடம் லாரி ஓட்டிய நண்பன் பெட்ரோலிலும் பேட்டரியிலும் ஓடும் தன் ஹைபிரிட் காரை விற்பதாகச் சொன்னான். போனபோது கார் புங்கமர நிழலில் நின்றது. பானட்டைத் தொட்டேன். சுட்டது.

"வெயில்ல நின்னுச்சு மாப்ள. என்னையுமா சோதிக்கற?" என்று சிரித்தான்.

கூச்சத்தோடு கையை எடுத்துக்கொண்டேன். ஓட்டிப் பார்த்தபோது கார் பேட்டரியிலேயே சத்தமில்லாமல் நகர்ந்தது. வாங்கிவிட்டேன்.

மறுநாள் காலை பட்டனை அழுத்தியதும் எஞ்சின் தானாக ஓட ஆரம்பித்து, கார் முழுவதும் குலுங்கியது. சற்று நேரத்தில் அடங்கிவிட்டது. அடுத்த நாள் காலை மெக்கானிக்கை வீட்டுக்கே வரவழைத்தேன்.

"ஆறிக் கெடந்தா எஞ்சின் ஓடறது இந்த வண்டிக்கு வழக்கந்தானுங்க. சூடேறினா நின்னுக்கும். ஆனா இந்தக் குலுக்கல், ரேடியேட்டர் தண்ணி எஞ்சினுக்குள்ள எறங்கறதாலதானுங்க. உங்களுக்குச் சூடு பண்ணி வெச்சுக் காட்டியிருக்காங்க" என்றார் அவர்.

நண்பனுக்குப் போன் செய்தேன்.

"தொட்டுப் பாத்துத்தான மாப்ள வாங்குன?" என்றான்.

போனை வைத்துவிட்டேன். கார் நின்றது நிழலில் என்பதை அன்றைக்கே பார்த்தவன்தான் நான். எல்லோரிடமும் பயப்படும் எனக்கு, ஒருவனிடமாவது பயப்படாமல் இருக்க ஆசையாக இருந்தது.