ஒழுகாமல் குறைந்த தண்ணீர்

கெர்லிங் ஊரைத் தாண்டி, செம்பனைத் தோட்டத்து ஓரமாக இருந்த பட்டறையில்தான் அந்த மெக்கானிக்கைப் பார்த்தேன். இடது கன்னம் உருகி உறைந்த மெழுகுபோல இருந்தது. என் காடியின் எஞ்சின் சூடேறிப் புகைந்ததால் அங்கே நிறுத்தியிருந்தேன். ரவாங் ஆஸ்பத்திரியில் மாமியாருக்கு மதியம் அறுவை சிகிச்சை. அதற்குள் அம்மா முகத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று உடன் வந்த மனைவி தவித்துக்கொண்டிருந்தாள்.

துணியைச் சுற்றி ரேடியேட்டர் மூடியைத் திருகப் போனேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"ஆறட்டும் அண்ணே. கொதிக்கிற தண்ணிக்குச் சொந்தக்காரன் மொகம் தெரியாது."

என் காடிச் சாவியையும் வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஆறுமுன் யாரும் ஓட்டிப் போய்விடாதபடி, வருகிற எல்லாரிடமும் அப்படித்தானாம்.

ஆறியபின் மூடியைக் கழற்றி, அந்த இடத்தில் அழுத்தம் பார்க்கும் கருவியைப் பொருத்திக் கையால் காற்று அடித்தார். முள் ஏறி நின்றது. பிறகு மெல்ல இறங்கியது. குனிந்து பார்த்தோம். தரையில் ஒரு சொட்டுகூட இல்லை.

"ஒழுகுனா பயமில்ல லா. ஒழுகாமக் குறையுது பாருங்க, எஞ்சின் உள்ளயே குடிக்குது."

"மெதுவாப் போனா? மதியத்துக்குள்ள ரவாங் ஆஸ்பத்திரிக்குப் போயாகணும்."

"மெதுவாவும் குடிக்கும்."

தன் காடியின் சாவியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். நான் அவர் கன்னத்தையே பார்ப்பதைக் கவனித்துவிட்டார்.

"அன்னிக்கு எனக்கும் ஆஸ்பத்திரிக்குத்தான் அவசரம்," என்றார்.

அவருடைய காடியில் கிளம்பினோம். மாமியாரை அறுவைக்கு உள்ளே கொண்டுபோகுமுன் பார்த்துவிட்டோம். மாலையில் காடியைத் திருப்பிக் கொடுத்தபோது, அன்று அவர் யாரைப் பார்க்கப் போனார், போய்ச் சேர்ந்தாரா என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.