ஷேர் ஆட்டோவில் வந்த பனி

இன்று காலை காசிமேட்டில் ஷேர் ஆட்டோ ஏறினேன். எதிரே ஓர் இரண்டாம் வகுப்புச் சிறுமி. மடியில் மீன் அனுப்பும் தெர்மாகோல் பெட்டி. பக்கத்தில் அவள் அப்பா, துறைமுகத்தில் ஐஸ் உடைப்பவர்.

வகுப்பில் குளிர்கால புராஜெக்டாம். எல்லோரும் பஞ்சில் பனி செய்கிறார்கள். இவள் மட்டும் நிஜப் பனி கொண்டுவருவதாக மிஸ்ஸிடம் சொல்லிவிட்டாள்.

வழியெல்லாம் கன்டெய்னர் லாரிகள். ஆட்டோ நகரவில்லை. பெட்டியின் மூலையிலிருந்து குளிர்காலம் என் பேண்ட்டில் சொட்டத் தொடங்கியது.

"நைனா, கரைஞ்சிகினே கீது." அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

மீன் கூடையோடு இருந்த அக்கா பெட்டியைத் திறந்தார். மெல்லிய வெண்புகை எழுந்தது. டிரைவர் உட்பட எல்லோரும் பார்த்தோம். லாரி ஹாரன்கள்கூட ஏதோ மலைக்கு அப்பாலிருந்து கேட்டன.

"இன்னாய்யா, ஐஸ்ல வேல செய்றே, தண்ணிய வடிக்கத் தெரியாதா?" என்று அப்பாவைத் திட்டிக்கொண்டே நீரை வடித்தார். தன் கூடையிலிருந்து இரண்டு கை ஐஸை அள்ளிப் போட்டார்.

"யக்கா, உன் மீனு?" என்றார் அப்பா.

"அது செத்தாச்சு. அதுக்கு இன்னா அவசரம்?"

சிறுமி எட்டிப் பார்த்தாள். "பனியில செதில் கீதே."

"நெசப் பனியில இருக்கும்னு சொல்லு உங்க மிஸ்ஸாண்ட."

திருவொற்றியூரில் இறங்கி, பெட்டியை அணைத்தபடி பள்ளிக்குள் ஓடினாள்.

ஒரு வகுப்பே இன்றுமுதல் அப்படித்தான் நம்பும். இதைப் படிக்கும் கனடா நண்பர்கள் மறுப்பதென்றால், பனியை நேரில் கொண்டுவந்து காட்டவும்.